அறிந்தபின் செய்யும் பிழை

அறியாமல் நேர்ந்த தீங்குக்கு மனிதன் பொறுப்பாவானா? நம் ஆசாரியர்கள் ஆழ்ந்து ஆராய்ந்த வினா இது. அறிந்து செய்யும் பாவத்தைப் புத்திபூர்வகம் என்றும், அறியாது நேர்வதை அபுத்திபூர்வகம் என்றும் அவர்கள் பகுத்தனர். இப்பகுப்பு ஏட்டளவில் நிற்பதன்று. பிணந்தின்னிக் கழுகு எனப்படும் பாறு நம் நாட்டில் அழிந்த வரலாறே இதற்குச் சான்று.

1990களின் தொடக்கம் வரை பாரத நாடெங்கும் பாறுகள் எண்ணற்றுத் திரிந்தன. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு இனம் நூற்றுக்கு 99க்கும் மேல் குறைந்துபோயிற்று. வேடன் எவனும் அவற்றைக் கொன்றானில்லை. பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004இல் காரணத்தை வெளிப்படுத்தியது. மாடுகளின் வலி நீங்க இடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே அது. மருந்து உடலில் தங்கியிருக்கையில் இறந்த மாட்டின் இறைச்சியை உண்ட பாறுகள், சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன.

மாட்டின் துயர் கண்டு இரங்கி மருந்திட்டவனைக் கொலைஞன் என்று யார் கூறுவர்? ஆயினும், எண்ணம் தூயதாயிருந்தமையால் விளைவு நின்றுவிடவில்லை. சடலங்கள் கிடந்து அழுகின, நாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசுற்றன. 2000 முதல் 2005 வரை இதனால் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக மாண்டன என்பது 2024இல் வெளியான பொருளியல் ஆய்வொன்றின் மதிப்பீடு.

காரணம் தெரிந்தபின் நிலை மாறுகிறது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. எனினும் மனிதர்க்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டில்களுக்குச் சென்றன. ஆகவே 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் உண்டு. இத்தனைக்குப் பின்னும் பழைய மருந்தையே நாடினால், அது புத்திபூர்வகமே அன்றோ?

“நான் ஒருவன் செய்வதால் என்ன ஆகிவிடும்?” என்று சிலர் வினவலாம். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். உலகம் வெப்பமுறும் கேட்டிலும் இதே நியாயம் பொருந்தும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பவன் எவனும் கடலும் காடும் கெடவேண்டும் என்று எண்ணுவதில்லை. ஆனால் பருவநிலையை ஆராய ஐக்கிய நாடுகளின் சார்பில் அறிஞர் குழு அமைந்தது 1988இல். அறியோம் என்று கூறும் காலம் கடந்துவிட்டது.

“எல்லாம் அவன் செயல், நாம் யார்?” என்பது மற்றொரு வாதம். சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது நம் சித்தாந்தம். சரீரத்தைப் புண்படுத்திவிட்டுச் சரீரியிடம் பாரத்தை வைத்தேன் என்பது பொருந்துமா? பெரிய உடையாராகிய ஜடாயு தம் முதுமையைத் தாமே உணர்ந்திருந்தும் இராவணனை மறித்தார். தம் ஒருவரால் ஆகுமா என்று ஒதுங்கினாரில்லை. அவருக்குப் பெருமாள் தம் கையாலே ஈமக்கடன் ஆற்றினார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழி அதனை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

பிராயச்சித்தத்தின் முதற்படி, பிழையை மீண்டும் செய்யாதிருத்தல். அடுத்தது, இழந்ததை மீட்க முயலுதல். அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்குகின்றனர். நீலகிரிச் சாரலில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை கூடு கட்டுகின்றன. ஒரு சோடி ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுமாதலால், சில ஆண்டுகளில் இழந்ததை மீட்கப் பல தலைமுறைகள் வேண்டும்.

ஆதலின் பசு வளர்ப்போரும் கோசாலை நடத்தும் திருக்கோயிலாரும், இடப்படும் மருந்து யாதெனக் கால்நடை மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். சிறு செயலே எனினும், அறிந்தவன் மேல் விழும் கடமை அது. பெரிய உடையாரைப் போற்றும் நாம், அவர் குலத்துப் பறவைகளை நம் கையாலே மாய்த்தல் தகாது.