விழிப்பு யாருடைய கடமை?

பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்டால் வாக்களிக்கலாம் என்றொரு செய்தி 2019 மக்களவைத் தேர்தலின்போது வாட்ஸ்அப்பில் பரவியது. 2024இல் மறுபடியும் வந்தது. முழுப் பொய். பட்டியலில் பெயர் இல்லாத எவரும் வாக்களிக்க முடியாது. தேர்தல் விதிகளில் ‘சேலஞ்ச்’ என்று ஒன்று உண்டு. வந்திருப்பவர் உண்மையான வாக்காளர்தானா என்று வாக்குச்சாவடி முகவர் 2 ரூபாய் கட்டி எழுப்பும் ஆட்சேபணை அது.

உதவிபோல வரும் இந்தப் பொய்யால் அதிகம் இழப்பது யார்? பெண்கள் என்பேன். திருமணமானால் வீடு மாறுகிறவள் அவள்தானே. கோத்தகிரியில் பிறந்து கூடலூரில் வாழ்க்கைப்பட்டவளின் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும். படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தை அந்தச் செய்தி தருகிறது. அந்தத் தைரியமே அவள் வாக்கைப் பறிக்கிறது.

நீலகிரியில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. இங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் பலருடைய பாட்டிமார் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. ஒரு காகிதத்தால் வாக்கை இழந்து, வேறொரு காகிதத்தால் மீட்ட குடும்பங்கள் இவை. இவர்களிடம் சொல்லப்படும் பொய்யை வெறும் தகவல் பிழை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

‘விழிப்போடு இருங்கள்’ என்று அறிவுரை சொல்கிறோம். இருட்டியபின் வெளியே போகாதே என்று பெண்ணிடம் சொல்லும் அதே நியாயம்தான் இது. ஏமாற்றியவர் மறைந்துவிடுகிறார், ஏமாந்தவள் விவரமற்றவள் ஆகிறாள். பகலெல்லாம் சரிவில் நின்று, கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, லயத்துக்குத் திரும்பிச் சமைப்பவள், வீட்டிலிருக்கும் ஒரே போனை மகனிடமிருந்து வாங்கி எப்போது சரிபார்ப்பாள்?

அச்சிட்ட துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. கை மாறி மாறி வரும் வாட்ஸ்அப் செய்தியில் அந்த முகவரியைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் தேட முடியும். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஜோ பைடனின் குரலைப் போலியாக உருவாக்கி, கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று தொலைபேசியில் அழைத்தார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவரைக் கண்டுபிடித்து 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது அரசு. ஏன் நம்பினாய் என்று வாக்காளரைக் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று அழைத்தவரைக் கேட்டார்கள். அறத்தின் வரிசை அதுதான்.

நமக்கும் பங்குண்டு. இந்தப் பொய்கள் நம்பிக்கையின் வழியே நடக்கின்றன. கல்லூரிக்குப் போகிற மகள் அனுப்பினாள் என்பதே ஒரு தாய்க்குப் போதுமான சான்று. என் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். வந்ததை அம்மாவுக்கு அனுப்புமுன் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அப்படியே அம்மாவின் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.