250 என்று சொன்ன பிறகு

மெயில் அனுப்பும் கோடு எழுதியவர்களுக்கு 250 பழகிய எண். நம் நிரல் கடிதத்தை வரிவரியாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள வரியை அனுப்பும். எதிர்ப்பக்க சர்வர் ‘250’ என்று பதில் தரும். உடனே திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

இந்த எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் எழுதியது 1982-இல். அந்த 250-க்கு என்ன அர்த்தம் என்பதை 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1123 என்ற விதி ஆவணம் பச்சையாகச் சொல்கிறது: கடிதத்தை ஏற்ற சர்வர் பொறுப்பையும் ஏற்கிறது. மெஷின் படுத்துவிட்டது, டிஸ்க் நிறைந்துவிட்டது மாதிரியான சாக்குகள் செல்லாது. சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். தொழில்நுட்ப ஆவணம்தான், ஆனால் கடன் வாங்கியவனிடம் பேசுகிற தொனி.

அவசரமும் இல்லை அதற்கு. அடுத்த சர்வர் கிடைக்காவிட்டால் 4, 5 நாளாவது விடாமல் முயலச் சொல்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது கரண்ட் இல்லை, போன் இல்லை. அங்கே ஏதோ ஒரு சின்ன ஆபீஸின் சர்வர் அணைந்து கிடந்திருந்தாலும், அதற்கான கடிதங்கள் எங்கோ வெளியூர் சர்வரின் வரிசையில் காத்திருந்திருக்கும். அந்த நாட்களுக்குள் தண்ணீர் வடிந்தால் வந்து சேரும். இந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதே இன்னொருவருக்குத் தொல்லையானால்? ஸ்பேம் அனுப்புகிறவன் யாரோ ஒருவருடைய முகவரியைப் போட்டு அனுப்புகிறான். வாங்கிய பிறகு ‘சேரவில்லை’ என்று திருப்பினால், சம்பந்தமே இல்லாத அந்த ஆளின் பெட்டியில் போய் விழும். அதனால் சில சர்வர்கள் 250 சொல்லி வாங்கி, சத்தமில்லாமல் தூக்கிப்போடுகின்றன. காரணம் நியாயம்தான். வடிகட்டி தப்பு செய்யும்போதுதான் வினை. ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பிவிட்டு, தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு, வேண்டாம் என்று ஒதுக்கியதும் வந்தே சேராததும் ஒரே மௌனம்தான்.

வாசலிலேயே 550 என்று மறுத்துவிடலாம். 250 சொல்வதற்கு முன்பே சோதித்துவிட்டால், பொறுப்பு அனுப்பும் சர்வரிடமே நிற்கும். அது தன் ஆளுக்குத் தகவல் சொல்லிவிடும். ஒவ்வொரு கடிதத்தையும் நிற்கவைத்துச் சோதிக்க வேண்டும், செலவு கூடும். இருந்தாலும் என் கட்சி இதுதான். நம்மூர் ‘வெச்சுட்டுப் போங்க தம்பி, பாத்துக்கலாம்’ இருக்கிறதே, அதற்கு மூஞ்சிக்கு நேரா ‘முடியாது’ எவ்வளவோ மேல். அவன் வேறு கதவைத் தட்டுவான்.

அந்த ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல் இன்னும் பாக்கி. ‘அடுத்த சர்வர் ஏற்றுக்கொண்டது’ என்று மாற்றலாமா என்று கேட்டேன். “கரெக்ட்தான் ப்ரோ, ஆனா யாருக்குப் புரியும்?” என்றார் டிசைனர். இப்போதைக்கு ஒற்றை டிக்.