எத்தனைக்கு எடுத்தீங்க?

42 லட்சம். செகண்ட்ஸில் எடுத்தது. 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங், ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர், சிவப்பு. 2016-ல் இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 65 லட்சம். அன்றைக்கு நம் மாநிலத்தில் இருந்த 15 சதவீத சாலை வரியும் இன்சூரன்ஸும் சேர்த்தால் 75 லட்சத்தைத் தாண்டியிருக்கும். முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் புனித அகஸ்டினைப் பற்றி எழுதும்போதும் நீங்கள் விலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

கோவை கணபதியில் எனக்குச் சின்னதாக ஒரு ஃபவுண்டரி. பம்ப்செட்டுக்கு இம்பெல்லரும் கேஸிங்கும் வார்த்துக் கொடுக்கிறோம். எங்கள் தொழிலில் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை ரேட்தான். பிக் அயர்ன் என்ன ரேட், கோக் என்ன ரேட், எல்லாம் போக கிலோவுக்கு என்ன நிக்கும். விலை கேட்பது நாகரிகமில்லை என்ற நாசூக்கெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. இருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவர் பெட்ரோல் பங்கில் கண்ணாடிக்குள் குனிந்து, “ஏனுங்க, இது எத்தனைக்கு எடுத்தீங்க?” என்று கேட்கும்போது, கோக் ரேட் சொல்கிற மாதிரி வாயில் எண் வந்துவிடுவதில்லை. ஏன் வருவதில்லை, வர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எல்லோரும் விலை கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பையன்கள் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்தவர்கள் மைலேஜ் கேட்பார்கள். ஊருக்குள் ஐந்தோ ஆறோ என்றால் முகத்தில் உண்மையான துக்கம் தெரியும். விலை கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஏதோ ஒன்றை வாங்கி, ஏதோ ஒன்றை விற்றுப் பழகியவர்கள்.

இந்தக் கேள்வியிலிருந்து நழுவ ஊரில் பல வழிகள் உண்டு. என் நண்பர் ஒருவர், நூல் வியாபாரி, ஜெர்மன் கார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு ஓட்டிக்கொண்டு போவார். யாராவது விலை கேட்டால், “நமக்கென்னங்க தெரியும், நான் டிரைவர். வண்டி மொதலாளியோடது” என்பார். பொய்தானே என்றேன் ஒருநாள். விரலை மேலே காட்டி, “எல்லாம் அவனோடதுதானே? நம்ம வெறும் ஓட்டறவந்தானே?” என்றார். ஈசாவாசிய உபநிடதத்தின் முதல் மந்திரமும் அதைத்தான் சொல்கிறதாம்: உலகில் உள்ளதெல்லாம் இறைவன் உறைவது, யாருடைய பொருளுக்கும் ஆசைப்படாதே. காந்தி அந்த மந்திரத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். செல்வந்தர்கள் தங்கள் சொத்துக்குத் தர்மகர்த்தாக்கள் மட்டுமே என்ற அவருடைய கருத்துக்கும் அதில் வேர் இருக்கிறது.

நண்பர் வாதத்தில் கெட்டிக்காரர். ஆனால் தர்மகர்த்தா என்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கோயில் சொத்து என்ன விலைக்குப் போனது என்று பக்தர் கேட்டால், ‘எல்லாம் சுவாமியோடது’ என்று பதில் சொல்லும் தர்மகர்த்தாவை நாம் என்ன நினைப்போம்? வண்டி இறைவனுடையது என்று ஒருவர் மெய்யாகவே நம்பினால், விலையை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஆள் அவர்தான். தத்துவத்தை இப்படி மறைப்புத் தட்டியாக நிறுத்துவதைவிட நேரான பொய்யே தேவலை.

நேரான பொய்யிலும் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் பாதியாக்கிச் சொல்வார், இன்னொருவர் ஒன்றரை மடங்காக்கிச் சொல்வார். அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நான்காம் புத்தகத்தில் இந்த இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துகிறார். தன்னிடம் இருப்பதைக் கூட்டிச் சொல்பவன் ஒரு பக்கம், குறைத்துச் சொல்பவன் மறுபக்கம். உள்ளதை உள்ளபடி சொல்பவன் நடுவில். குறைத்துச் சொல்பவன் கொஞ்சம் நயமானவனாகத் தெரிவான் என்று ஒரு சலுகையும் தருகிறார். ஆனால் அளவுக்கு மீறிய எளிமையே ஒரு பெருமையடிப்பு ஆகிவிடும் என்றும் சொல்கிறார். பொள்ளாச்சி ரோட்டில் கிழிந்த பனியனோடு பல கோடி ரூபாய் வண்டியிலிருந்து இறங்கும் பண்ணையக்காரர்களை அவர் பார்த்ததில்லை. பார்க்காமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் தத்துவம் எடுபடாது. அம்மாவுக்கு ஒரே வாதம்: கண்ணு பட்டுரும். பின் பம்பரில் கறுப்புக் கயிறு கட்டியிருப்பது அம்மாவின் ஏற்பாடு. விலை சொல்லக்கூடாது என்பதும் அதில் ஒரு பகுதி. நான் திருஷ்டியைக் கேலி செய்கிறவன் இல்லை. பொறாமை என்பது பட்டவனையும் படுத்தியவனையும் சேர்த்து அழிக்கக்கூடிய மெய்யான சக்தி என்பதை ஐந்து பங்காளிகள் உள்ள குடும்பத்தில் பிறந்த எவனும் மறுக்க மாட்டான். ஆனால் அம்மாவிடம் ஒரு நுட்பமான கேள்வி கேட்டேன்: திருஷ்டி கண் வழியாகத்தானே வருகிறது, காது வழியாக இல்லையே? சிவப்பு வண்டியை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு எண்ணை மட்டும் மறைத்தால் யாருக்கு என்ன பாதுகாப்பு? அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பூசணிக்காயின் அளவுதான் கூடியது.

என் மெக்கானிக் பாய் இதைவிடச் சுருக்கமான வழி வைத்திருக்கிறார். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்ததும் முதலில் “மாஷா அல்லாஹ்” என்பார். அதற்குப் பிறகுதான் விலை கேட்டார். அழகானதைக் கண்டால் அது இறைவன் நாடியது என்று சொல்லிவிட வேண்டும், அப்போது தன் கண்ணால் அடுத்தவருக்குத் தீங்கு வராது என்பது அவர்கள் வழக்கம். எனக்கு இது பிடித்திருக்கிறது. பரிகாரப் பொறுப்பு பார்ப்பவன் மேல் விழுகிறது. வைத்திருப்பவன் பூசணிக்காய் உடைத்துச் சாலையை அசுத்தம் செய்ய வேண்டியதில்லை.

சரி, பொய் வேண்டாம். பேசாமல் இருந்துவிடலாமே? புனித அகஸ்டின் பொய்யைப் பற்றி இரண்டு நூல்களே எழுதியவர். எந்தக் காரணத்துக்காகவும் பொய் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர். அவரே, உண்மையைச் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று கதவை ஒருக்களித்து வைத்தார். அந்தக் கதவு வழியாக நானும் வெளியேறலாம். “அதெல்லாம் எதுக்குங்க” என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். கேட்டவருக்கு என் வரவு செலவைக் கேட்க என்ன உரிமை?

இந்த இடத்தில் எனக்கு மாணிக்கவாசகர் ஞாபகம் வருகிறார். வண்டியின் முகப்பில் ஓடும் குதிரை ஒன்று இருப்பதால் எங்கள் தெருவில் இதைக் குதிரை வண்டி என்கிறார்கள். அதனால் அவர் தானாகவே வந்துவிடுவார். பாண்டியன் கொடுத்த பணம் குதிரை வாங்க. அப்போது வாதவூரர் என்ற பெயரில் அமைச்சராக இருந்த அவர் அதைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். குதிரை எங்கே என்று அரசன் கேட்டான். ஆவணி மூலத்தன்று வரும் என்றார். வந்தவை நரிகள். கதையைப் பக்தியோடு கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் அரசனைக் கொடியவனாகவே பார்க்கிறோம். நான் முதலாளியாக உட்கார்ந்த பிறகு அரசன் பக்கமும் எனக்குத் தெரிகிறது. பணம் அவனுடையது, ஆகவே கேள்வியும் அவனுடையது. பெட்ரோல் பங்கில் குனிந்தவரின் பணம் இந்த வண்டியில் ஒரு பைசாகூட இல்லை. அப்படியானால் அவருடைய கேள்விக்கு மூலதனம் எது?

என் பதில்: என் வண்டியேதான். காலையில் கணபதியில் அதை ஸ்டார்ட் செய்தால் மூன்றாவது வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். இவ்வளவு சத்தமும் இவ்வளவு சிவப்பும் எதற்கு? நான்கு பேர் திரும்பிப் பார்க்கத்தான். வேறு காரணம் சொன்னால் அதுவும் பொய். பேச்சை ஆரம்பித்தவன் நான். “என்னைப் பார்” என்று நடுரோட்டில் கூவிவிட்டு, பார்த்தவர் வாய் திறந்ததும் “அது என் சொந்த விஷயம்” என்பது நியாயமாகப் படவில்லை. வங்கி இருப்பை யாராவது கேட்டால் சொல்ல மாட்டேன், அதை நான் ரோட்டில் ஓட்டிக் காட்டவில்லை.

மஸ்டாங் பிறந்த ஊரில் இந்தக் கேள்விக்கே அவசியம் இருந்திருக்காது என்பது இன்னொரு வேடிக்கை. 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அந்த வண்டியை அறிமுகம் செய்தபோது, பத்திரிகை விளம்பரங்களிலேயே 2,368 டாலர் என்று பெரிதாக அச்சிட்டார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பையனும் வாங்கலாம் என்பதுதான் அதன் பெருமையே. அதற்கு முன்பே, 1958-ல், புதுக் கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் உற்பத்தியாளர் விலையை ஒட்டிவைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே சாதாரண ஆசையாக இருந்த ஒரு பொருள், கடல் தாண்டி, சுங்கவரி கட்டி, இங்கே வந்து இறங்கும்போது ஆடம்பரம் ஆகிவிடுகிறது. பொருள் அதுதான். மாறியது அதைப் பார்ப்பவருக்கும் வைத்திருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரம். அந்தத் தூரத்தைத்தான் எல்லோரும் கேள்வியாகக் கேட்கிறார்கள்.

அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். பெஞ்சில் ஒரு பெரியவர், தோளில் துண்டு, கையில் பால் கேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து வண்டியைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஏனுங்க தம்பி, ரெண்டே கதவுதானுங்களா?”

“ஆமாங்க.”

“எத்தனைக்கு எடுத்தீங்க?”

“நாப்பத்திரண்டு லட்சமுங்க. பழசுதான்.”

அவர் வாய் பிளக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, ஏதோ பெருக்குகிற மாதிரி. “எங்க பக்கம் ஒரு ஏக்கரா வருமுங்க,” என்றார். கொஞ்சம் யோசித்து, “கெணத்தோட வராது” என்று திருத்தினார். இன்னொரு முறை வண்டியைப் பார்த்தார். “பூமின்னா வெல ஏறும். இது எறங்குமுங்களே?” எறங்குமுங்க என்றேன். “அப்ப ஆசைக்குத்தான்,” என்று தலையாட்டிவிட்டு, டிவிஎஸ் எக்ஸெல்லில் கேனை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் பொறாமை இல்லை, ஏக்கம் இல்லை, பரிகாசமும் இல்லை. என் ஆடிட்டர் என்னிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. எண்ணை வாங்கி, தன் அளவையில் போட்டு மாற்றிப் பார்த்து, என்ன இனம் என்று தலைப்புப் போட்டுப் பதிந்துவிட்டுப் போனார். நான் 20 லட்சம் என்று சொல்லியிருந்தால் அவருடைய கணக்கு முழுவதும் தப்பாகியிருக்கும். அவர் நல்ல மனதோடு போட்ட கணக்கை நான் கெடுத்தவனாகியிருப்பேன். அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. விலை கேட்பவர் என் பணத்தைக் கேட்பதில்லை, ஓர் அளவுகோலைக் கேட்கிறார். கள்ளத் தராசு வைப்பது எங்கள் தொழிலில் பாவம்.

ஆனால் அளவுகோல் சிலருடைய தலையில் அடிக்கும். என் ஃபவுண்டரியில் பல வருடமாக இருக்கும் மோல்டர் ஒருவர் கேட்டார். அவர் அந்நியர் இல்லை, அதனாலேயே அந்நியர்களைவிட அவருக்கு உரிமை அதிகம். வாதவூரரின் அரசனுக்கு இருந்த உரிமை. அவர் கையால் அள்ளி அடித்த மண்ணில்தான் இந்த வண்டியின் பாதிப் பணம் வார்க்கப்பட்டது. அவருக்கு மாதம் 24 ஆயிரம் கொடுக்கிறேன். 42 லட்சம் என்பது அவருக்குப் பதினாலரை வருடம். இது தெரிந்துகொண்டே எண்ணைச் சொல்வது அறமா?

வள்ளுவர் வாய்மைக்கு வைத்த அளவே வேறு: அடுத்தவருக்குத் துளியும் கேடு செய்யாத பேச்சுதான் அவருக்கு வாய்மை. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்கூட அந்த இடத்தில் நிற்கலாம் என்றும் இடம் கொடுக்கிறார். விலையைக் குறைத்துச் சொல்பவர்கள் எல்லோரும் இந்தச் சலுகையைத்தான் கையில் எடுப்பார்கள். புத்தரும் அபயன் என்ற இளவரசனிடம், மெய்யாகவும் பயனுள்ளதாகவும் இருப்பதைக்கூடக் காலமறிந்துதான் சொல்வேன் என்கிறார். இருவரையும் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் மோல்டரிடம் 15 லட்சம் என்று சொன்னால் நன்மை யாருக்கு? அவருக்கு ஒரு காசு கூடாது. அடுத்த போனஸ் பேச்சில் எனக்குத்தான் வசதி. நன்மை என் பைக்குள் விழுகிற பொய்க்கு வள்ளுவர் ஜாமீன் கொடுக்க மாட்டார்.

சொன்னேன். “அப்பிடிங்களா” என்றார், அவ்வளவுதான். தீபாவளிக்கு முன் போனஸ் பேசும்போது, சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 என்று நான் வழக்கமாக ஆரம்பிக்கும் பீடிகையை ஆரம்பிக்கவே முடியவில்லை. 18 கேட்டார்கள். 18 கொடுத்தேன்.

பதிலோடு வால் ஒட்டுவதையும் விட்டுவிட்டேன். “லோன்தாங்க”, “சும்மா ஆசைக்கு”, “ரொம்பக் கஷ்டப்பட்டு வந்தவன்” என்று கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னால், கேட்டவரை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்து நாம் மனுப் போட்டமாதிரி ஆகிவிடும். எண், பழைய வண்டி என்ற உண்மை, அதற்கு மேல் அவர் கேட்டால் கேட்டதற்குப் பதில். சொல்லும்போது உள்ளே ஒரு சின்ன இனிப்பு ஊறுகிறது, அதை நான் மறுக்கவில்லை. அதற்கு என்ன பரிகாரம் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே அவிநாசி ரோட்டில் சிவப்பு மஸ்டாங் நின்றால் தயங்காமல் கேளுங்கள், சரியான விலையைச் சொல்வேன். பக்கத்து சீட்டில் என் மனைவி இருந்தால் மட்டும் மைலேஜ் கேட்காதீர்கள்.