நிலத்தின் ஒருமையும் நெஞ்சின் ஒருமையும்

ஒரு பெருநிலம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்தல் அரசருக்குப் பெருமை. அது அறமும் ஆகுமா என்பதே நம்முன் உள்ள வினா.

ஒருமையினால் விளையும் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வணிகர் அச்சமின்றி வழிச்செல்வர். ஒரே நாணயம் எங்கும் செல்லும். சிற்றரசர்களின் ஓயாப் பூசலில் உழவரின் விளைச்சல் அழியாது. ஷேர்ஷா (1540–1545) ஐந்தாண்டுகளே ஆண்டார்; எனினும் அவர் வெளியிட்ட வெள்ளி ரூபாயும், செப்பனிட்ட சாலைகளும் அவருக்குப் பின்னும் நிலைத்தன. ஆயின், இந்நன்மைகளைக் காட்டி எந்தப் போரையும் நியாயப்படுத்திவிட இயலுமா?

இறையச்சமும் எளிமையும் மிக்கவர் என்று நம்மவர் போற்றும் பேரரசர் ஔரங்கசீப், 1681-இல் தக்காணம் நோக்கிப் புறப்பட்டார். 1686-இல் பீஜப்பூரும், 1687-இல் கோல்கொண்டாவும் வீழ்ந்தன. இரண்டும் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட நாடுகள். அவற்றின்மீது போர் தொடுப்பது மார்க்கத்திற்கு உகந்ததா என்று பேரரசர் வினவியபோது, தலைமைக் காஜியாகிய ஷைகுல் இஸ்லாம் உடன்பட மறுத்தார்; பதவியைத் துறந்து ஹஜ் யாத்திரை மேற்கொண்டார்.

பேரரசோ விரிந்தது. எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698-இல் நம் செஞ்சிக் கோட்டையும் அதன் வசமாயிற்று. ஆனால் தக்காணத்தில் போர் ஓயவில்லை, கருவூலம் வற்றியது. மீண்டும் டில்லியைக் காணாமலே பேரரசர் 1707-இல் அஹ்மத்நகரில் காலமானார். 1724-இல் அத்தக்காணமே நிஜாமின்கீழ்த் தனியரசு போலாயிற்று.

பேரரசு சிதைந்ததனால்தான் காஜியின் சொல் சரியாயிற்று என்று எண்ணுதல் கூடாது. அது மேலும் நூறாண்டு நிலைத்திருந்தாலும் அச்சொல் சரியே. அண்டை வீட்டைப் பறித்துக்கொண்ட ஒருவன், "இரு வீடும் ஒன்றாயின, நடுச்சுவர் நீங்கிற்று" என்று மகிழ்ந்தால், அதனை நீதி என்போமா? வீடு விசாலமாயிற்று என்பது உண்மைதான், பறித்தது பறித்ததே.

அப்படியாயின் ஒருமைக்கு வழி யாது? 1956-இல் இந்தியாவில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அவ்வாறு பிரித்தால் நாடு துண்டாகும் என்று அஞ்சியோர் பலர். நாடு துண்டாகவில்லை. தம் மொழிக்கும் வழக்கத்திற்கும் இடமுண்டு என்று கண்ட மக்கள், பொதுவீட்டையும் தமதாகவே கருதினர். இசைவினால் வரும் ஒருமைக்கே அறத்தின் துணையுண்டு. அவ்விசைவை ஒவ்வொரு தலைமுறையும் நீதியினால் புதுப்பித்தாக வேண்டும்.

குல்தாபாதில் வானமே கூரையாக, எளிய கப்ரில் துயில்கிறார் ஔரங்கசீப். அவர் வென்ற எல்லைகள் இன்று எந்தப் படத்திலும் இல்லை. அதிகாரத்தின் முன்னே காஜி எழுப்பிய மறுப்போ, ஆள்வோர் அனைவருக்கும் இன்றும் வினாவாகவே நிற்கிறது.