நோயுற்ற மகவும் பெற்றோர் கடமையும்



மூட்டுவாதம் முதியோர்க்கே உரியது என்பது பலர் எண்ணம். அது பாலகரையும் பற்றுகின்றது. 16 வயதிற்குள் தோன்றி, 6 வாரங்களேனும் நீடித்து, வேறு காரணம் காணப்படாத மூட்டழற்சியைச் சிறார் மூட்டுவாதம் என்பர் மருத்துவர். காலையில் காலூன்ற மாட்டாது நொண்டும் குழந்தை, நண்பகலில் ஓடி விளையாடுவதும் உண்டு. ஆதலின் அறியாதார் அதனைப் பாசாங்கு எனப் பழிக்கின்றனர்.

அதனினும் கொடிய பழி ஒன்றுண்டு. "முற்பிறப்பிற் செய்த பாவம்" என்பார் சிலர். "குலதெய்வத்தைக் கைவிட்டுப் புத்தரிடம் போனீர்கள், அதன் பலன் இது" என்பார் உற்றாருள் சிலர். இரவெல்லாம் வலியால் அழும் மகவை மடியிற் கிடத்திய தாயின் செவியில் இச்சொல் விழுமாயின் அவள் என் செய்வாள்? மருந்தை நிறுத்தி நேர்த்திக்கடனுக்கு ஓடலாமா எனத் தடுமாறுவாள். ஆகவே இதற்குத் தம்மம் கூறும் விடையை நாம் தெளிவுற அறிதல் வேண்டும்.

மனிதர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையின் பயனே என்போர் கூற்றைப் பற்றி மோளியசீவகர் என்னும் துறவி பகவரிடம் வினவினார். பகவர் அக்கூற்றை மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறையற்ற பேணுதல், பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். வினை எட்டனுள் ஒன்றே என்பதைச் சம்யுத்த நிகாயத்தில் காணலாம். டாக்டர் அம்பேத்கரும், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், முற்பிறப்பு வினைக் கொள்கையை மறுத்தே எழுதினார்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறிதவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகின்றது என்கிறது மருத்துவம். இது தெய்வக் கோபமன்று, தாயின் குற்றமன்று, தொற்று நோயுமன்று.

இனி நம் கடமை யாது? கழிச்சல் நோயால் மலத்திற் கிடந்த பிக்கு ஒருவரைப் பகவர் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையால் கழுவிக் கட்டிலிற் கிடத்தினார். நோயாளரைப் பேணுவோர்க்கு வேண்டிய ஐந்து தகுதிகளையும் வகுத்தருளினார். அவ்வைந்தும் பெற்றோர்க்கு உரியனவே.

முதலாவது, மருந்தை முறையறிந்து கொடுத்தல். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து இந்நோய்க்கு வாரம் ஒருமுறையே தரப்படுவது. நாள்தோறும் தந்தால் உயிருக்கே கேடு. அதற்குரிய கிழமையைச் சுவரிற் குறித்து வையுங்கள். அதன் பயன் தெரியப் பல வாரங்கள் செல்லும். வீக்கம் வடிந்ததென நாமே நிறுத்தலாகாது. இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

இரண்டாவது, ஏற்பதும் ஏலாததும் அறிதல். காலை விறைப்பிற்கு இளஞ்சூட்டு நீர்க் குளியல் இதம் தரும். குழந்தையை முடக்கி வைப்பது தீங்கு. மருத்துவர் காட்டிய பயிற்சி நன்று. வலியும் சிவப்பும் இன்றியே கண்ணினுள் அழற்சி தோன்றிப் பார்வையைக் கெடுக்கக் கூடுமாதலால், குறித்த தவணைகளில் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, பயன் கருதாத மைத்திரி. நாளை நம்மைக் காப்பான் என்பதற்காகவன்றி, இன்று துன்புறுகிறான் என்பதற்காகவே பேணுதல்.

நான்காவது, அருவருப்பின்மை. மருந்துண்ட நாளில் குழந்தை வாந்தி எடுக்கலாம். முகஞ் சுளியாது துடைத்துவிடுக.

ஐந்தாவது, நல்லுரையால் ஊக்குவித்தல். ஊசி போடும் நாளில் "வலிக்காது கண்ணே" என்கிறோம். அது நான்காம் சீலத்திற்கு மாறான பொய். அடுத்த வாரம் அக்குழந்தை நம் சொல்லை நம்பாது. "சிறிது வலிக்கும், நான் உன் கையைப் பிடித்திருப்பேன்" என்பதே மெய்யும் அன்பும் கலந்த சொல்.

உடல் வலி முதல் அம்பு; அதன்மேல் மனம் எய்துகொள்ளும் துயரம் இரண்டாம் அம்பு என்பது பகவர் காட்டிய உவமை. நோய் என்னும் முதல் அம்பு குழந்தையின் மீது பாய்ந்துவிட்டது. பழிச்சொல், சினம், அச்சம் என்னும் இரண்டாம் அம்பை எய்யாதிருப்பது நம் கையில் உள்ளது. தாய் ஓரிரவு விழித்தால் தந்தை மறு இரவு விழிக்கட்டும். சங்கத்தார், மருத்துவமனை செல்லும் நாளில் துணைக்குச் செல்லுங்கள். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சோறிடுங்கள். சிகிச்சையால் பல சிறார்க்கு நோய் அடங்குகின்றது. சிலர்க்கு மீண்டும் தலைதூக்கலாம். எந்நிலையிலும் "இது உன் குற்றமன்று" என்று அக்குழந்தை நம் வாயினின்றே கேட்கட்டும்.

சகல உயிர்களும் நோய் நீங்கி நலமுறுக!

நமோ புத்தாய!