எய்தலும் காத்தலும்

உலகத்தில் மக்கள் செய்யுந் தொழில்கள் இருவகைப்படும். ஒருவகை, குறித்த முடிவை எய்தியவுடன் நிறைவுறுவன. கிணறு தோண்டுதலும் வீடு கட்டுதலும் இவ்வகையின. நீர் கண்டபின் மண்வெட்டியை வைத்துவிடலாம். கூரை வேய்ந்தபின் ஏணியை எடுத்துவிடலாம். மற்றொருவகை, செய்யுங் காலமெல்லாம் உளவாய், விட்டபொழுதே இல்லையாய் ஒழிவன. முற்றங் கூட்டுதலும் விளக்கெரித்தலும் இவ்வகையின. நேற்றுக் கூட்டினேன் என்று இன்று வாளா இருப்பவன் முற்றத்திலே சருகு நிறையும். முன்னையதை எய்தல் என்றும் பின்னையதைக் காத்தல் என்றும் கூறலாம். இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்கிக் கொள்ளுதலால் விளையுந் துன்பங்கள் பல. அவற்றுள் ஒன்றையே ஈண்டு ஆராயப் புகுந்தாம். மிகுந்த உடல்நிறையைக் குறைத்துத் தாம் குறித்த எல்லையை அடைந்தவர், அடைந்தபின் செய்யற்பாலது யாது? அவர் மீண்டும் பெருப்பாராயின் அஃது அவர்மேற் குற்றமாமோ? இவை நமது வினாக்கள்.

இது வைத்தியருக்கன்றோ உரியது, ஆசிரியர் இதனை ஆராய்வதனாற் பயன் என்னை எனின், கூறுதும். ஒருவன் எத்துணை உண்ணல் வேண்டும் என்று அளவு கூறுதல் வைத்தியர் கடன். அவ்வளவைக் காக்க இயலாது தவறியவனை நாம் எவ்வாறு மதித்தல் வேண்டும், அவன் தன்னை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பன ஒழுக்கநூற்கு உரியன. ஒழுக்கம் கற்பிக்குங் கடன் பூண்ட நமக்கு இவ்வினாக்கள் புறம்பல்ல.

ஓராசிரியரை எடுத்துக்கொள்வோம். வயசு ஐம்பதுக்கு அணித்து. பகலெல்லாம் வகுப்பறை, மாலையிலே சீனியிட்ட தேநீரும் வடையும், இரவிலே பிட்டு. நடை என்பது அருகிற்று. நீரிழிவு தொடங்கிற்று என்றும் 10 கிலோகிராம் நிறையைக் குறைத்தல் வேண்டும் என்றும் வைத்தியர் கூறினார். அவரும் நோன்பு நோற்பார்போல எட்டுமாதம் முயன்று குறைத்தார். சக ஆசிரியர்கள் புகழ்ந்தனர். “இனி அமைந்தது” என்று அவர் பழைய உணவுக்கு மீண்டார். ஓராண்டு செல்லுமுன் போன நிறை முழுதும் வந்துவிட்டது. “பழைய குருடி கதவைத் திறவடி” என்று, புகழ்ந்த வாய்களே நகைத்தன. அவர் நாணி, முகங்கொடுக்க மாட்டாதவராய், வைத்தியரிடம் போதலையும் விட்டொழிந்தார். நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் கால்நரம்பையும் ஓசையின்றிக் கெடுப்பது. ஆதலின், நிறை மீண்டது ஒரு தீமையெனின், நாணத்தால் வைத்தியத்தை விட்டது அதனினும் பெருந் தீமையாம். பின்னைய தீமையிலே நகைத்தவர்களுக்கும் பங்குண்டு.

இவ்விஷயத்தில் உலகறிந்த பழைய சான்று ஒன்றுளது. இலண்டன் மாநகரிலே வில்லியம் பான்டிங் என்பவர் ஒருவர் இருந்தார். அரச குடும்பத்தாருக்குப் பிரேத அடக்கம் நடத்துவித்தல் அவர் குடும்பத் தொழில். 1862ஆம் ஆண்டில் அவருக்கு வயசு 66 அளவு. உயரம் 5 அடி 5 அங்குலம். நிறை 202 இறாத்தல். குனிந்து பாதரட்சையின் வாரைக் கட்ட இயலாது; படி இறங்குங்கால் பின்புறமாகவே மெல்ல இறங்குவார். நிறை குறைதற்பொருட்டுப் படகு வலித்தார். அதனாற் பசி மிகுந்தது, பசி மிகவே உண்டியும் மிகுந்தது. நீராவிக் குளியல் செய்தார், சிறிதே குறைந்தது. ஈற்றில், செவிப்புலன் மந்தித்ததென்று வில்லியம் ஹாவி என்னும் வைத்தியரிடம் போயபோது, அவர் பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு என்பவற்றை விலக்குமாறு விதித்தார். அதன்படி ஒழுகிய பான்டிங் ஓராண்டளவில் 46 இறாத்தல் குறைந்தார். தாம் பெற்ற பயனைப் பிறரும் பெறுக என்று 1863இல் ஒரு சிறு நூல் எழுதி, முதற்கண் இலவசமாகவே வழங்கினார். அவர் பெயரே ஆங்கிலத்தில் உணவு குறைத்தலுக்கு ஒரு வினைச்சொல்லாயிற்று. சுவீடன் தேயத்தார் மொழியில் இன்றும் அப்பொருளில் வழங்குகின்றது. அவர் 1878இல், 81ஆம் வயசில் இறந்தார்.

பான்டிங் உண்ட புலாலும் பருகிய மதுவும் நம்மனோர்க்கு ஆகாதன. அவற்றை ஈண்டுக் கூறவும் வேண்டியதில்லை. நாம் கைக்கொள்ளற்பாலது அவருடைய தட்டன்று. தட்டினை மாற்றிய பின் அம்மாற்றத்தையே தமது நித்திய போசனமாக வைத்துக்கொண்டமையேயாம். தட்டிலுள்ள பண்டத்தின் வேறுபாடு நாம் எண்ணுமளவு பெரிதன்று என்பதை அமெரிக்க ஆராய்ச்சியொன்றுங் காட்டிற்று. 2018இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில் 609 பேர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கூற்றார் கொழுப்பையும் மற்றைக் கூற்றார் மாப்பொருளையும் ஓராண்டு சுருக்கி உண்டனர். கொழுப்பைச் சுருக்கினார்க்குச் சராசரி 5.3 கிலோகிராமும் மாப்பொருளைச் சுருக்கினார்க்கு 6 கிலோகிராமும் குறைந்தன, இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. எனவே, எதனை விடுவது என்னும் வினாவினும், விட்டதனை எத்துணைக் காலம் விட்டிருக்கக் கூடும் என்னும் வினாவே தலையாயது.

இனிக், காத்தல் இத்துணை அரிதாதற்குக் காரணம் யாது? மனவலியின்மை ஒன்றே என்பர் பலர். அது முழுவுண்மையன்று. 1994ஆம் ஆண்டிலே, நியூயோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் சர்வகலாசாலையில் ஜெப்ரி பிரீட்மன் என்பாரும் அவரோடு உழைத்தோரும் லெப்டின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தனர். உடம்பிலுள்ள கொழுப்பு, தன் இருப்பின் அளவை மூளைக்கு அறிவித்தற்கு விடுக்குந் தூது போல்வது அது. கொழுப்புக் குறைய அத்தூதுங் குறையும். மூளையோ, பஞ்சம் வந்தது எனக் கொண்டு, பசியைப் பெருக்கிச் செலவைச் சுருக்கும். தொலைக்காட்சிப் போட்டியொன்றிலே கடுமுயற்சியால் நிறை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்த முடிவு 2016இல் வெளிவந்தது. போட்டியிற் சராசரி 58 கிலோகிராம் குறைந்திருந்த அவர்கள், அதனுள் 41 கிலோகிராமை மீளப் பெற்றிருந்தனர். அன்றியும், அவருடல் ஓய்ந்திருக்கையிற் செலவிடும் சக்தி, அத்தகைய உடம்புடையார்க்கு இருக்கற்பாலதினும் நாளொன்றுக்கு 500 கலோரி அளவு குறைந்தே இருந்தது. அஃதாவது, அயலவன் உண்ணும் அளவே உண்டும் அயலவனிற் பெருக்கும் நிலைமை அவர்க்கு நேர்ந்தது என்க.

மருந்தும் இவ்வுண்மைக்கு விலக்கன்று. இக்காலத்து வைத்தியர் வாரமொருமுறை ஊசியாற் செலுத்தும் செமாகுளூட்டைட் என்னும் மருந்து பசியை அடக்கி நிறையைக் குறைக்கின்றது. அதனை நிறுத்தினோர், ஓராண்டினுள் தாம் குறைத்ததில் மூன்றிலிரண்டு பங்கு மீளப் பெற்றனர் என்று 2022இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. வைத்தியர் விதித்த மருந்தை உண்பது இழிவன்று. கண்ணாடி அணிவதை யாரும் இழிவென்னார். ஆயினும் கண்ணாடியைக் கழற்றியவனுக்கு எழுத்து மீண்டும் மங்குமாறு போல, எம்முறையால் எய்தினும் அம்முறை நின்றவிடத்துப் பயனும் நிற்பதாயிற்று.

அற்றேல், உடம்பே இங்ஙனம் எதிர்நிற்க, மனிதன் முயல்வதனால் ஆவது என்னை? தவறினவனைக் குற்றஞ் சொல்லலாகாதெனின், தவறாதவனைப் புகழவும் ஆகாதன்றோ? இது வலிய ஆட்சேபம். இதற்கு விடை நம் வளவு வேலியிலே கிடக்கின்றது. கிடுகுவேலி உடையார், அதனை ஒருமுறை அடைத்தபின் ஆயுளெல்லாம் நிற்குமென்று எண்ணார். வெயிலுங் காற்றும் மழையும் கிடுகை உக்கச்செய்யும். கறையான் கதிகாலை அரிக்கும். கிடுகு உக்குதல் வளவுக்காரன் குற்றமன்று. உக்குமென்று அறிந்தும் பருவத்தில் அடையாதிருத்தல் அவன் தவறு. அத்தவறும் மீள அடைத்தலால் தீர்வதேயன்றி, வளவைக் கைவிடுதற்குக் காரணமாகாது. அயலான் வேலி விழுந்துகிடக்கக் கண்ட நல்லோர் நகையாது, ஓலை கொடுத்தும் கைகொடுத்தும் உதவுவர். உடம்பின் எதிர்ப்பு வெயிலும் மழையும் போல்வது. அதன்பொருட்டு ஒருவனைப் பழித்தல் அறியாமை. நாடோறும் ஒழுகும் ஒழுக்கம் வேலி அடைத்தல் போல்வது. அது அவன் கையில் உள்ளது. ஆயினும் எல்லார்க்கும் ஓலை எளிதிற் கிடைப்பதில்லை. ஒருவர்க்குப் பசி பெரிது. ஒருவர்க்குப் பொழுது சிறிது. ஒருவர்க்கு வீட்டிற் சமைத்ததையே உண்ணும் நிலை. ஆதலால் எடைத்தட்டிலே நின்று ஒருவனுடைய குணத்தை நிறுத்தறிதல் கூடாது.

இனி, காக்க வல்லராயினார் செய்கை யாது என்று நோக்குவாம். அமெரிக்காவிலே 1994 முதல், 30 இறாத்தலுக்குக் குறையாது நிறை குறைத்து ஓராண்டாயினும் காத்தவர்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து வந்தார்கள். பதிந்தோர் 10,000 பேருக்கு மேற்பட்டனர். அவருள் நூற்றுக்கு 90 பேர் நாடோறும் சராசரி ஒருமணி நேரமளவு நடை முதலிய தேகாப்பியாசஞ் செய்வோர். 75 பேர் வாரமொருமுறையாயினும் நிறை பார்ப்போர். 78 பேர் காலைப் போசனத்தைத் தவறவிடாதோர். இவர்கள் தாமே முன்வந்து பதிந்தோராதலின், இச்செய்கைகளே வெற்றிக்குக் காரணமென்று துணிதல் தருக்கமுறையாகாது. எனினும், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை காத்தவர்க்கு மேலுங் காத்தல் கைகூடும் வாய்ப்பு மிகப் பெருகுகின்றது என்று ஆங்குக் கண்டது சிந்திக்கத்தக்கது. மேலே கூறிய போட்டியாளர் பதினால்வருள்ளும், குறைத்த நிறையைப் பெரிதுங் காத்தோர் உடலுழைப்பை மிக அதிகமாகப் பெருக்கிக்கொண்டவர்களே என்று 2017இல் அறியப்பட்டது.

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கநூலில் இருவரை வேறுபிரித்துக் காட்டுவர். ஒருவன், தீய விருப்பம் எழ அதனைப் பொருது அடக்குபவன். மற்றொருவன், பலகாற் பயின்ற பழக்கத்தால் விருப்பமே செம்மையுற்றவன். முன்னையவன் நாடோறும் போர்க்களத்தில் நிற்பவன். பின்னையவன் வீட்டில் இருப்பவன். எட்டுமாதம் நோன்பிருந்து எல்லையை எய்திய நம் ஆசிரியர் முன்னையவர். போர் முடிந்தது என்று படைக்கலத்தை வைத்தார். வீடோ இன்னுங் கட்டப்படவில்லை. கந்தசட்டி ஆறுநாளும் விரதமிருந்து, பாறணையன்று தொடங்கி மறுவாரம் முழுதும் இருமடங்கு உண்பவனை நாம் அறிவோம். அவன் எண்ணியது நாளையேயன்றி அடக்கத்தையன்று.

வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் யாதொரு மருந்தின் பெயரையும் எடுத்தோதாது, முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுதலையே பெரிதும் விதந்தோதினார். அளவறிதல் ஒருநாட் செயலன்று. பசித்தெழும் ஒவ்வொரு வேளைக்கும் உரியது.

ஆதலின் நாம் முதலிலே கேட்ட வினாவிற்கு விடை இது. எல்லையை எய்தியபின் செய்யற்பாலது வேறொன்றன்று. எய்துதற்குச் செய்ததனையே, சிறிது தளர்த்தியாயினும், தொடர்ந்து செய்தலேயாம். அங்ஙனமாயின், ஆயுளெல்லாஞ் செய்ய இயலாத ஒன்றை எட்டுமாதத்திற்கெனத் தொடங்குதல் அறிவுடைமையன்று. தேநீரிற் சீனியை ஒழித்தல், சோற்றைக் குறைத்துக் கீரையும் மரக்கறியும் பருப்பும் கூட்டுதல், மாலையில் நடத்தல் என்பன சிறியன, சிறியனவாதலாலேயே நிலைக்கத்தக்கன. வாரமொருமுறை நிறை பார்த்து, இரண்டு கிலோகிராம் ஏறியபொழுதே திருத்துதல் எளிது; பத்து ஏறியபின் அரிது. ஒருநாட் கலியாண விருந்தில் அளவு மீறினால், மறுநாட்காலை வழக்கமான உணவே அதற்குக் கழுவாய். எல்லாம் கெட்டது என்று எண்ணி விடுதலே உண்மையான கேடு.

ஆசிரியர்களே, எய்தலை மட்டும் கொண்டாடும் பழக்கம் நம் பாடசாலைகளிலேயே வேரூன்றுகின்றது. பரீட்சையிற் சித்தியடைந்தவனுக்கு மாலையிடுகின்றோம். மறுவருடம் அவன் புத்தகந் தொட்டானோ என்று கேட்பாரில்லை. தேர்வு முடிந்தவுடன் மறந்துபோகுங் கல்வியும், எல்லை அடைந்தவுடன் மீண்டுவருங் கொழுப்பும் ஒரே மயக்கத்தின் இரு கிளைகள். மேலும், வகுப்பிலே பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரால் அழைத்தலை நாமும் செய்யற்க, பிறர் செய்யவும் விடற்க. அவமானத்தால் மெலிந்தவர் அரியர். அவமானத்தால் ஒளித்து உண்ணப் பழகியவர் பலர். வளரும் பிள்ளையின் உணவைச் சுருக்குதல் வைத்தியர் ஆலோசனையின்றிச் செய்யத்தக்கதுமன்று. விளையாட்டு மைதானத்தில் அப்பிள்ளைக்கும் ஓரிடங் கொடுத்தலே ஆசிரியர் செய்யத்தக்க உதவி.

நம் ஆசிரிய நண்பர் நாணி வீட்டிலிருக்கின்றாராயின், நகைத்தவருள் ஒருவர் இன்று மாலையே அவர் படலையைத் திறந்து சென்று, “வாருங்கள், நடந்து வருவோம்” என்று அழைப்பாராக. அவர் விழுந்த வேலியை மீள அடைத்தற்கு அது முதற்கிடுகாகும்.