காற்றில்லாத காலை

கொல்கத்தா. விக்டோரியா நினைவகத்தின் குளக்கரை. கல் இருக்கையில் இரவின் ஈரம்.

குவிமாடத்தின் உச்சியில் வெண்கலத்தில் அவள். வெற்றித் தேவதை. ஊரார் பரீ என்கிறார்கள். காற்று வலுத்தால் சுழலும்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று காற்றில்லை.

*

குவிமாடத்தைச் சுற்றிலும் சிலைகள். கலை, கட்டடக்கலை, நீதி, ஈகை. வடக்கு முகப்பின் மேல் தாய்மை, விவேகம், கல்வி. 1921இல் திறந்த மாளிகை. பேரரசு தன் நற்பண்புகளைப் பளிங்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறது.

எது நீதி, எது ஈகை. கீழிருந்து தெரியவில்லை. ஒன்றின் தலையில் காகம்.

*

ரோமர்களுக்கு விர்த்தூஸ் ஒரு தெய்வம். தலையில் கவசம், கையில் ஈட்டி. விர் என்றால் ஆண்மகன். வடமொழி வழியாக நம் நாவுக்கு வந்த வீரனுக்கும் அதற்கும் வேர் ஒன்று.

ஆண்மைக்குப் பெண் வடிவம். அங்கேயே சற்று நிற்கிறது மனம்.

*

கி.மு. 208. மார்செல்லஸ் என்ற தளபதி, கீர்த்திக்கும் வீரத்துக்கும் ஒரே கோயிலை அர்ப்பணிக்கப் பார்க்கிறார். குருமார்கள் ஒப்பவில்லை. ஒரு கருவறையில் இரண்டு தெய்வங்கள் ஆகாது. இடி விழுந்தால் யாருக்குப் பரிகாரம்?

வீரத்துக்குத் தனிக் கோயில் எழுகிறது, அவசரமாக.

கொடுத்த கை என்னுடையது. பெயருக்கு ஏங்கிய மனமும் என்னுடையது. ஒரே அறையில்தான் இருக்கின்றன.

*

கி.பி. 413இல் கடவுளின் நகரத்தை எழுதத் தொடங்குகிறார் அகுஸ்தீனார். விர்த்தூஸ் தெய்வமல்ல, கடவுளின் கொடை என்கிறார். புகழுக்காக ரோமர்கள் தங்களை எவ்வளவோ அடக்கினார்கள். புகழ் கிடைத்தது. கூலி தீர்ந்தது.

நற்பண்பு என்பது அன்பின் ஒழுங்கு. எதை எவ்வளவு நேசிப்பது என்று அறிந்த நேசம்.

நீரில் ஓர் இலை. எங்கும் போகவில்லை.

*

ஏ.ஜே.சி. போஸ் சாலை. மதர் ஹவுஸ். வெளியே பஸ் ஹாரன், உள்ளே அன்னை தெரசாவின் கல்லறை. அதன் மேல் சாமந்தி இதழ்கள்.

தரை குளிர்கிறது.

*

பாட்டியின் ஞானோபதேசப் புத்தகத்தில் மூன்று புண்ணியங்கள். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். இப்போது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. நம்பிக்கை ஓர் இடம் முன்னே போயிருக்கிறது. அது எழுந்த இடத்தில் எதிர்நோக்கு உட்கார்ந்திருக்கிறது.

குவிமாடத்தருகே நிற்கும் ஈகையும் பாட்டியின் சிநேகமும் லத்தீனில் ஒரே சொல். காரித்தாஸ்.

சிநேகத்தை விட மனம் வரவில்லை. பாட்டியின் குரல் அதில் இருக்கிறது.

*

1952. காளிகாட். காளி கோயிலை ஒட்டிய யாத்ரிகர் சத்திரம் அன்னை தெரசாவின் நிர்மல் ஹ்ருதய் ஆகிறது. தெருவில் கிடப்பவர்களைத் தூக்கி வருகிறார்கள். கழுவுகிறார்கள். ஒரு வாளி, ஒரு துணி.

நன்றி சொல்லும் முன்பே சிலர் போய்விடுகிறார்கள்.

துணி மறுபடியும் தண்ணீரில் நனைகிறது.

*

2002 டிசம்பர் 20. அன்னை தெரசா நற்பண்புகளை வீரத்துவமாக வாழ்ந்தவர் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏற்கிறார்.

வீரத்துவம். ஈட்டிக்காரியின் பழைய சொல். வாளிக்கருகே.

*

2007இல் அன்னை தெரசாவின் கடிதங்கள் புத்தகமாகின்றன. ஏறத்தாழ 50 ஆண்டுகள், உள்ளே இருட்டு. செபத்தில் பதிலில்லை. மறுநாளும் விடியுமுன் எழுகிறார். மறுநாளும் முழந்தாளிடுகிறார்.

விசுவாசம் ஒரு புண்ணியம் என்று சிறுவயதில் ஒப்பித்திருக்கிறேன். அது உணர்வு என்றே இத்தனை நாளும் இருந்திருக்கிறேன்.

முழங்கால் வலிக்கிறது. வலியைப் பார்க்கிறேன். அது இருக்கிறது.

*

நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவைகள். டிட்டாகரில் தொழுநோய் கண்டவர்கள் நெய்பவை. கொடியில் வரிசையாக உலர்கின்றன.

ஒன்றின் நுனி அசைகிறது.

நிற்கிறது.